செயின் வண்டியின் காலைப் பார்த்து வாங்குங்கள்



மளிகை வியாபாரிக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம்மவர்கள் கடையில் மிச்சம் பிடித்த பணத்தை முன்பெல்லாம் மனையில் போட்டார்கள். இப்போது வாடகைக்கு விடும் மண் வண்டிகளிலும் போடுகிறார்கள். இரண்டு மூன்று பேர் பங்கு சேர்ந்து வாங்குகிறார்கள். மைத்துனருக்கோ மருமகனுக்கோ வாங்கிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவருக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டு வட்டிக்குக் காத்திருக்கிறார்கள். நானும் போட்டேன். பட்ட பிறகு கற்றுக்கொண்டதை மற்றவர்கள் படாமலே தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

2018-ஆம் ஆண்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 20 டன் செயின் வண்டி ஒன்றைப் பழையதாக 21 லட்சம் ரூபாய்க்கு வாங்கினோம். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம், புகை இல்லை. கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தோம். எண்ணெய்க் கசிவு இல்லை. மஞ்சள் பெயின்ட் பளபளவென்று இருந்தது. செயின் நல்ல விறைப்பாகவே தெரிந்தது. முன்பணம் கொடுத்து வண்டியை ஓட்டி வந்துவிட்டோம்.

நான்காவது மாதம் ஏரி வண்டல் எடுக்கும் வேலையில் செயின் கழன்று சேற்றில் விழுந்தது. மாட்டினோம். ஒரு வாரத்தில் மறுபடியும் விழுந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் செயின் வேலை செய்யும் ஒரு தம்பியை அழைத்து வந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒரு பக்கத்துச் செயினில் உள்ள பிளேட்டுகளை விரல் விட்டு எண்ணினார். "அண்ணாச்சி, புத்தகத்துல ஒரு பக்கத்துக்கு 49 பிளேட்டு. இதுல 48தான் இருக்கு. செயின் நீண்டு தொங்கிப்போச்சு. ஒரு கண்ணியை எடுத்துட்டு இழுத்துக் கட்டி வித்திருக்காங்க. என்ஜினைப் பார்த்தீங்க, பெயின்ட்டைப் பார்த்தீங்க. காலைப் பார்க்கலையே" என்றார்.

இரண்டு பக்கத்தையும் சரிசெய்ய 6 லட்சம் ரூபாய் ஆனது. குத்தூசி போட்டு அரிசியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு மூட்டைகூட இறக்காத நான், 21 லட்சம் ரூபாய்ச் சரக்கைப் பெயின்ட்டைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். குற்றம் விற்றவர் மீது பாதி. என் மீது பாதி.

செயின் எதற்கு?

டயர் வண்டி சேற்றில் புதையும். செயின் வண்டி புதையாது. காரணம் எளிய கணக்குதான். 20 டன் வண்டியின் ஒவ்வொரு செயினும் சுமார் 60 சென்டிமீட்டர் அகலத்தில், ஏறக்குறைய 370 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தரையில் படிந்திருக்கிறது. எடையை அந்தப் பரப்பால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு மனிதர் நடக்கும்போது ஒற்றைக் காலில் தரும் அழுத்தத்துக்கு இது ஏறத்தாழ சமம். நமக்கு மூட்டை இறக்கும் லாரியின் டயரில் உள்ள காற்றழுத்தமே சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் இதே சிக்கலுக்காகத்தான் 1904-ஆம் ஆண்டு நவம்பரில் தம் நீராவி டிராக்டரின் சக்கரங்களை எடுத்துவிட்டுச் செயினை மாட்டிச் சோதித்தார். அங்குள்ள ஆற்றுப்படுகை நிலத்தில் சக்கர டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. 1916 செப்டம்பரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் பிரிட்டிஷார் முதல் டேங்குகளை இறக்கியதும் செயினை நம்பித்தான்.

டேங்க் என்றால் நம் ஆவடிக்கு விளக்கம் தேவையில்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களில் விஜயந்தா, 1980-களில் அஜேயா என்று நாம் அழைக்கும் டி-72, அதற்குப் பிறகு அர்ஜுன் என்று டேங்குகள் வரிசையாக உருவாயின. அர்ஜுனை வடிவமைத்த ஆய்வு நிலையமும் ஆவடியில்தான் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து இந்தத் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. பழைய டி-72 டேங்குகளை முழுவதும் பிரித்து, பார்த்து, மாற்றிக் கட்டும் வேலையும் அங்கே நடந்து வருகிறது.

டி-72 டேங்குக்குப் பக்கத்துக்கு 6 சக்கரம், அர்ஜுனுக்கு 7. புதிய மார்க்-1ஏ அர்ஜுனின் எடை 68 டன். பீரங்கியும் கவசமும் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒரு செயின் அறுந்தால் அந்த டேங்க் நின்ற இடத்தில் நிற்கும். நம் வாடகை வண்டிக்கும் இதே விதிதான். வேகமும் வேலையும் வேறு. கால் ஒரே இனத்தைச் சேர்ந்தது.

காலின் உறுப்புகள்

நம் ஊரில் போக்லைன் என்றும் ஹிட்டாச்சி என்றும் சொல்கிறோம். போக்லைன் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஹிட்டாச்சி ஒரு ஜப்பான் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனி வண்டியானாலும் காலில் இருப்பவை இவைதான்.

செயின்: இரும்பு லிங்குகள் வரிசையாகக் கோத்தது. இரண்டு லிங்குகள் சேரும் இடத்தில் ஒரு பின் உண்டு. அந்தப் பின்னின் மேல் குழாய் போன்ற புஷ் இருக்கும். சைக்கிள் செயினின் அமைப்பேதான், அளவுதான் பெரிது.

பிளேட்: லிங்கின் மேல் நான்கு போல்ட்டுகளால் முடுக்கப்பட்டுத் தரையில் படிவது. மண்ணைப் பற்றிக்கொள்ள இதன்மேல் வரப்பு போன்ற பற்கள் இருக்கும்.

ஸ்பிராக்கெட்: பின்பக்கத்தில் மோட்டாரோடு சேர்ந்த பல்சக்கரம். இதன் பல் புஷ்ஷைப் பிடித்துச் செயினை இழுக்கிறது.

ஐட்லர்: முன்பக்கத்துச் சக்கரம். செயினைத் திருப்பிவிடுகிறது. இதற்குப் பின்னால் பெரிய ஸ்பிரிங்கும் கிரீஸ் சிலிண்டரும் உண்டு. கிரீஸை ஏற்றினால் ஐட்லர் முன்னே தள்ளப்பட்டுச் செயின் இறுகும்.

ரோலர்: கீழ் ரோலர்கள் வண்டியின் எடையைச் சுமக்கின்றன. மேல் ரோலர்கள் திரும்பி வரும் செயினைத் தாங்குகின்றன.

பராமரிப்புச் செலவில் பெரும் பங்கு இந்தக் காலுக்குத்தான். புல்டோசரில் வாழ்நாள் பராமரிப்புச் செலவில் பாதிவரைகூடக் கால் தின்றுவிடும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. எக்ஸ்கவேட்டர் நின்ற இடத்திலேயே அதிக நேரம் வேலை செய்வதால் அதில் கொஞ்சம் குறையும்.

தேய்மானம் எப்படி நடக்கிறது?

செயின் மடங்கி நிமிரும் ஒவ்வொரு முறையும் பின் புஷ்ஷுக்குள் சுழல்கிறது. உள்ளே மணல் போனால் இரண்டும் தேயும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் 49 இணைப்பில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வது இதைத்தான். இரும்பு நீளவில்லை, ஓட்டை பெரிதாகிவிட்டது.

நீண்ட செயினின் புஷ், ஸ்பிராக்கெட் பல்லின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பல்லின் மேல் ஏறும். அப்போது புஷ்ஷும் தேயும், பல்லும் தேயும். நாம் சரக்குப் போட்டு ஓட்டும் மொபெட்டிலும் இதைப் பார்க்கலாம். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் சில மாதங்களில் புதுச் செயினும் பாழ்.

இந்த உறுப்புகளின் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தக் கடினத் தோல் இருக்கும்வரை தேய்மானம் மெதுவாக நடக்கும். தோல் போனபிறகு உள்ளே இருக்கும் மெது இரும்பு வேகமாகக் கரையும். ஆகவே முதல் பாதி மெதுவாகப் போயிற்று என்பதால் அடுத்த பாதியும் மெதுவாகப் போகும் என்று நம்பிவிடக் கூடாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு டேப், ஒரு சாக்கட்டி, ஒரு சுரண்டும் தகடு போதும். வண்டியைக் கழுவித்தான் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். சேற்றோடு காட்டுகிற வண்டியை வாங்காதீர்கள்.

1. பிளேட்டுகளை எண்ணுங்கள். ஒன்றில் சாக்கட்டியால் குறி போட்டுவிட்டு இரண்டு பக்கமும் முழுச் சுற்று எண்ண வேண்டும். கம்பெனிப் புத்தகத்தில் உள்ள எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தாலும் செயின் நீண்டு, கண்ணி எடுக்கப்பட்டிருக்கிறது. செயின் விறைப்பாகத் தெரிவது ஒரு சான்றே அல்ல.

2. ஐட்லர் எவ்வளவு முன்னே தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கடைசிவரை வந்துவிட்டிருந்தால் இனி இறுக்க இடமில்லை.

3. நான்கு லிங்குகளின் நீளத்தை ஒரு பின்னின் நடுவிலிருந்து ஐந்தாவது பின்னின் நடுவரை அளங்கள். செயினைப் பூட்டும் மாஸ்டர் பின் அந்த நான்குக்குள் வரக்கூடாது. அந்தப் பகுதி இழுபட்ட நிலையில் இருக்க வேண்டும்; தொங்கும் செயினை அளந்தால் கணக்குத் தப்பும். மெக்கானிக்குகள் ஸ்பிராக்கெட் பல்லில் ஒரு பழைய பின்னை வைத்து வண்டியைச் சற்றே பின்னோக்கி நகர்த்திச் செயினை இழுபட வைப்பார்கள். அதைப் பழகியவர் செய்யட்டும். அப்போது நீங்கள் தள்ளி நில்லுங்கள். வண்டியை நிறுத்திய பிறகு அளங்கள்.

4. ஸ்பிராக்கெட் பல்லைப் பாருங்கள். நுனி மழுங்கி அகலமாக இருந்தால் நல்லது. ரம்பப் பல்போல் கூராகவோ ஒரு பக்கம் கொக்கிபோல் வளைந்தோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

5. ரோலர்களின் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். எண்ணெய் ஈரத்தோடு மண் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. எண்ணெய் தீர்ந்த ரோலர் சூடாகி இறுகும். சுழலாத ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். புதுப் பெயின்ட் இருந்தால் வண்டியை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் பாருங்கள். கசிவு தானே வெளியே வரும்.

6. பிளேட் போல்ட்டுகளைப் பாருங்கள். தளர்ந்த போல்ட்டைச் சுற்றித் துருப்பொடி வழிந்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் ஓட்டை நீள்வட்டமாகி லிங்கே வீணாகும்.

அளந்த அளவை விலையாக மாற்றுவதுதான் நம் தொழில். ஒரு கணக்கைச் சொல்கிறேன். 20 டன் வண்டிகளில் ஒரு லிங்கின் நீளம் பெரும்பாலும் 190 மில்லிமீட்டர், நான்குக்கு 760. கம்பெனிப் புத்தகத்தில் மாற்ற வேண்டிய எல்லை 778 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆக முழு ஆயுள் 18 மில்லிமீட்டர். நீங்கள் அளந்தபோது 772 இருந்தால் 12 போய்விட்டது. மூன்றில் இரண்டு பங்கு ஆயுள் முடிந்த செயின் அது. முழுக் காலையும் மாற்ற 6 லட்சம் ஆகும், மற்ற உறுப்புகளும் இதே அளவு தேய்ந்திருக்கின்றன என்றால், 4 லட்சத்தை விலையில் குறைத்துக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. விற்பவரும் டேப்போடு எதிர்வாதம் செய்ய முடியாது. எல்லை அளவு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். அந்த வண்டியின் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு

கால் சீக்கிரம் தேய்வதற்கு முதல் காரணம் செயினை அதிகமாக இறுக்கி வைப்பது. தொங்கினால் கழன்றுவிடும் என்று பயந்து டிரைவர்கள் கிரீஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். இறுகிய செயினில் பின், புஷ், ஸ்பிராக்கெட், ஐட்லர் எல்லாமே ஒருசேரத் தேயும். டீசலும் அதிகம் போகும். அதற்காக அளவுக்கு மேல் தொங்கவிட்டாலும் கழலும். ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, நடுவில் செயின் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்து, புத்தக அளவுக்கு வைக்க வேண்டும். எக்ஸ்கவேட்டருக்கு இதுதான் முறை.

நம் பக்கத்து ஏரிகளில் வேலை செய்பவர்கள் இதைக் கவனியுங்கள். செம்பரம்பாக்கமானாலும் புழலானாலும் ஏரிக் களிமண் ஸ்பிராக்கெட் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளும். காலையில் சரியாக இருந்த செயின் மதியம் தானாகவே இறுகிவிடும். ஆகவே சேற்று வேலையில் தொங்கலைச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இரவு காய்ந்தால் அது சிமென்ட் போலாகும். காலையில் ரோலர் சுழலாது.

ஓட்டும் முறையிலும் பணம் இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் செயினிலேயே ஓட்டிப் போகக்கூடாது, டிரெய்லரில் ஏற்றுங்கள். நின்ற இடத்தில் சுழல்வது, எப்போதும் ஒரே பக்கம் திரும்புவது, நெடுந்தூரம் பின்னோக்கி ஓட்டுவது மூன்றும் காலைத் தின்னும்.

பழுதுபார்ப்பதில் எது கட்டுப்படி?

தேய்ந்ததெல்லாம் தூக்கிப்போட வேண்டியதில்லை. புஷ் ஒரு பக்கம்தான் ஸ்பிராக்கெட்டில் உரசித் தேய்கிறது. செயினைப் பெரிய பிரஸ்ஸில் போட்டுப் பிரித்து, பின்னையும் புஷ்ஷையும் பாதிச் சுற்றுத் திருப்பிப் பூட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். புல்டோசர்காரர்களுக்கு இது நல்ல மிச்சம். ஆனால் புஷ் வெடிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். நாள் தவறினால் திருப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. குறைவாக நகரும் எக்ஸ்கவேட்டரில் இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

பிளேட்டின் தேய்ந்த பல்லின் மேல் புதுப் பட்டையை வெல்டிங் வைக்கலாம். தேய்ந்த ரோலரை வெல்டிங்கில் நிரப்பி லேத்தில் கடைந்து, புது சீல் போட்டு, எண்ணெய் நிரப்பி மறுபடி பயன்படுத்தலாம். அம்பத்தூர் எஸ்டேட் போன்ற பட்டறைப் பகுதி பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. ஆனால் மேல் ரோலர் போன்ற சிறிய உறுப்புக்குப் புதுவிலையையும் வேலைக்கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் புதிதே மலிவு. செயினை மாற்றினால் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது நஷ்டத்தில் முடியும்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை

செயினைத் தளர்த்துவதற்கு ஒரு கிரீஸ் வால்வு உண்டு. அதற்குள்ளே அழுத்தம் மிகப் பயங்கரமானது. வால்வை மெதுவாக, ஒரு சுற்றுக்கு மேல் திருகாமல் தளர்த்த வேண்டும். அதற்கு நேர் எதிரே முகத்தையோ கையையோ வைக்கவே கூடாது. பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம்போல்தான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் விரலோ கையோ போகும்.

தூக்கி நிறுத்திய வண்டிக்கடியில் கட்டை முட்டுக் கொடுக்காமல் யாரும் நுழையக்கூடாது. பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது இரும்புச் சில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் அடிக்க விடாதீர்கள். பங்குதாரர் நாம் கடையில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே வேலை செய்கிற பிள்ளைக்குப் பொறுப்பு நம்முடையதுதான்.

வாடகை முழுவதும் வருமானம் அல்ல

கடைசியாகப் பேரேட்டுக் கணக்கு. வண்டியில் ஒரு மணிநேர மீட்டர் உண்டு. 6 லட்சம் ரூபாய்க் கால் 5,000 மணி நேரம் உழைப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு மணிக்கு 120 ரூபாய். மாதம் 150 மணி நேரம் ஓடினால் 18,000 ரூபாய். கல்லும் மணலும் உள்ள இடத்தில் வேலை செய்தால் ஆயுள் குறையும், இந்தத் தொகை கூடும். அந்தப் பணம் நம்முடையதல்ல, செயினுடையது. அதைத் தனியே எடுத்து வைக்காமல் மாதாமாதம் லாபமென்று பங்கு பிரித்துக்கொள்கிறவர்கள், கால் போகும் நாளில் கடை முதலில் கை வைக்கிறார்கள். நாங்கள் மூவரும் செய்தது அதுதான். அந்த வருடம் தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணம் எனக்குச் செயினில் போயிற்று. எண்ணெயும் பருப்பும் கடனில் எடுத்து, விலை கூட்டி விற்க முடியாமல் திண்டாடினேன்.

இப்போது அந்த வண்டிக்கு ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு 250 மணி நேரத்துக்கும் நான்கு லிங்க் நீளம், தொங்கல், கசியும் ரோலர் ஆகியவற்றை எழுதுகிறோம். மணிக்கு 120 ரூபாய் வேறு கணக்கில் போகிறது, மிச்சத்தைத்தான் பிரிக்கிறோம். பங்கு குறைவாகத் தெரிகிறது என்று ஒரு கூட்டாளி முதலில் முகம் சுளித்தார். போன முறை ஸ்பிராக்கெட் மாற்ற வேண்டி வந்தபோது யாரும் கடைப்பணத்தைத் தொடவில்லை. அவரும் இப்போது நோட்டைத் தாமே வாங்கிப் பார்க்கிறார்.

செயின் வண்டி வாங்கப் போகும் உறுப்பினர்கள் டேப்போடு போங்கள். பிளேட்டை எண்ணிய பிறகு பேரத்துக்கு உட்காருங்கள்.